உழைத்தவன் அவன்

என் மகனுக்குப் பதினாறு வயது, ஆட்டிசம் உள்ளவன். அவனோடு வெளியே போனால் எனக்குப் பாராட்டு நிச்சயம். “உங்க பொறுமை யாருக்கு வரும்?”, “நீங்க அம்மாவா கிடைச்சதாலதான் பிழைச்சான்”, “நீங்க மனுஷியே இல்லம்மா, தெய்வம்.” கல்யாண வீட்டுப் பந்தியில், மருத்துவமனை வராந்தாவில், ரயிலின் எதிர் இருக்கையில் என்று எங்கும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு நடக்கும் நேரமெல்லாம் அவன் என் பக்கத்திலேயே நிற்கிறான், என்னைவிட உயரமாக, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அதில் வருவதில்லை.

பிள்ளையை வளர்த்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால், இத்தனை வருடங்களில் எங்கள் வீட்டில் அதிகம் உழைத்தது யார் என்று கேட்டால் அவனைத்தான் கைகாட்டுவேன். நாங்கள் உதவினோம், கற்றுக்கொண்டது அவன். பாராட்டு தவறான முகவரிக்குப் போகிறது என்பது வெறும் மனக்குறையாக இருந்தால் அதை வீட்டோடு வைத்துக்கொண்டிருப்பேன். ஆட்டிசம் உள்ள வளரிளம் பருவத்தினருக்குச் செய்யவேண்டிய எத்தனையோ காரியங்கள் செய்யாமல் கிடப்பதற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம் என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன். தாயின் தியாகத்தை மெச்சி முடித்துவிட்டால் மகனுக்குச் செய்ய எதுவும் பாக்கியில்லை என்றாகிவிடுகிறது.

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக இருக்கும். என் மகனுக்குப் பேச்சு குறைவு. ஒலியும் வெளிச்சமும் தொடுகையும் மிக அதிகம். மிக்ஸி, குக்கர் விசில், எதிர்வீட்டில் டைல்ஸ் அறுக்கும் சத்தம், மின்விசிறியின் கிரீச், நான் அவனிடம் சொல்லும் வார்த்தை எல்லாம் ஒரே உரப்பில் அவன் காதில் விழுகின்றன. எதைக் கேட்பது, எதை விடுவது என்று நம் மூளை நம்மைக் கேட்காமலே பிரித்துவிடுகிறது. அவன் அதை முயன்று செய்யவேண்டியிருக்கிறது. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபிளின் உறுத்தல் அவனுக்கு மாலைவரை அடங்காது. இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் அவன் ஒரு நாளைத் தொடங்குகிறான்; அதற்கு மேல்தான் படிப்பு, வேலை, மனிதர்கள் எல்லாம்.

திருச்சி உறையூரில் எங்கள் தெருவுக்கான ரேஷன் கடைக்கு இப்போது அவன்தான் போகிறான். கேட்பதற்கு இது ஒரு செய்தியே அல்ல. ஆனால், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே எதுவும் எழுதிவைத்தபடி நடக்காது. வரிசை திடீரென்று இரண்டாகப் பிரியும். யாரோ, “நான் அப்பவே பையை வச்சுட்டுப் போனேன்” என்று முன்னால் நுழைவார். கருவி விரல் ரேகையை ஏற்காது. பருப்பு வந்திருக்கும், பாமாயில் வந்திருக்காது. முன்கூட்டியே தெரிந்த ஒழுங்கில்தான் நிம்மதி காணும் ஒரு பையனுக்கு இதைவிடக் கடினமான பள்ளிக்கூடம் கிடையாது.

அவன் அதைத் துண்டு துண்டாகக் கற்றான். கடை மூடியிருக்கும் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவது முதல் பாடம். கூட்டமில்லாத மதியத்தில் வரிசையின் கடைசியில் நிற்பது அடுத்தது. பட்டறைத் தொழிலாளர்கள் போடும் காதடைப்பானை மாட்டிக்கொண்டான். ஸ்மார்ட் கார்டு, விரல், தராசு, பை, வீடு என்று ஐந்து படங்களை ஒட்டிய அட்டை சட்டைப்பையில் இருக்கும். ஒவ்வொன்று முடிந்ததும் அந்தப் படத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வான். ஒருமுறை பாமாயில் இல்லை என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான். பார்த்தவர்கள் அடம் என்றார்கள். அடம் பிடிக்கிற பிள்ளைக்கு வேண்டியது கிடைத்தால் அடங்கிவிடும். இது தாங்கும் எல்லை கடந்துபோன ஓர் உடல். நேரமும் அமைதியும் கிடைத்தால்தான் மீளும். மீண்டான். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அரிசிக்குப் பையை நீட்டினான்.

இன்று இல்லாத பொருளுக்கு டேப்லெட்டில் ‘இல்லை’, ‘அப்புறம்’ என்ற இரண்டு படங்களை அழுத்துகிறான். அது தமிழில் பேசுகிறது. அந்தச் செயலியின் பெயர் ஆவாஸ். பேச்சு வராதவர்கள் படங்களைத் தொட்டுப் பேசுவதற்காகச் சென்னையில் உருவானது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உழைத்து அதைக் கொண்டுவந்தார். கடைக்கார அக்கா முன்பெல்லாம் அவன் தலைக்கு மேலாக என்னிடம், “பையனுக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்பார். இப்போது, “தம்பி, பெருவிரலை வை. எடுக்கலையா? சரி, ஆள்காட்டி விரல்” என்று அவனிடமே பேசுகிறார். அரிசி மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வருகிறான். என் பெருமை இந்த வரிசையில் இருக்கிறது. அதைச் சம்பாதித்தது அவன். கொஞ்சம் அந்த அக்காவும்.

அம்மாவை மையத்தில் வைத்துப் பேசும் பழக்கம் ஆட்டிசத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் லியோ கானர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகில் பரவலாக அறியச்செய்தது. பெற்றோர் பலரும் அன்பைக் காட்டாதவர்களாகத் தெரிகிறார்கள் என்ற கருத்தும் அவர் எழுத்தில் இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது பெருங்குற்றச்சாட்டாக வளர்ந்தது. குளிர்சாதனப்பெட்டி போன்ற அம்மாக்களால்தான் பிள்ளைகள் தங்களுக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள் என்று மருத்துவர்களே நம்பினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் இந்த வாதத்தை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியோடு செத்திருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அந்தப் பழியைத் துடைத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் பெற்றோர்களே. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்ட், தன் மகனுக்காகக் கிடைத்ததையெல்லாம் படித்து, இது உடலியல் சார்ந்தது, வளர்ப்பால் வருவதல்ல என்று 1964-இல் புத்தகம் எழுதினார். பிரிட்டனில் மனநல மருத்துவர் லோர்னா விங், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். ஜூடித் கூல்டுடன் சேர்ந்து லண்டனின் ஒரு பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து 1979-இல் அவர் வெளியிட்ட முடிவுகள்தான் ஆட்டிசத்தை ஒரு விரிந்த நிறமாலையாகப் பார்க்க உலகத்துக்கு வழிகாட்டின. தில்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கிய மெரி பருவாவும் ஒரு தாய். தமிழில் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ எழுதிய யெஸ். பாலபாரதி ஒரு தந்தை. அவருடைய ‘துலக்கம்’ நாவலும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனைப் பற்றியதுதான்.

நம் ஊரில் பழி இன்னும் முழுசாகப் போகவில்லை. “மாசமா இருக்கும்போது என்ன பார்த்தே?”, “டிவியைப் போட்டுக் கொடுத்துட்டு வேலைக்குப் போயிட்டே”, “குலதெய்வத்துக்கு ஏதோ பாக்கி நிக்குது.” பிள்ளைக்கு மூன்று வயதில் பழி சொன்ன அதே உறவினர்கள்தான் பதினாறு வயதில் என்னைத் தெய்வம் என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் பேசுபொருள் நானாகவே இருக்கிறேன். என் மகன் ஒன்றில் என் பாவம், இன்னொன்றில் என் பாரம். ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர் 1993-இல் பெற்றோர்களை நோக்கி ஒரு கட்டுரை எழுதினார். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்று அழுவதானால் அழுங்கள், ஆனால் அந்தத் துக்கத்தை இதோ உயிரோடு உங்கள் முன் நிற்கும் எங்கள் மேல் ஏற்றாதீர்கள் என்பது அதன் சாரம். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய எழுத்து அது.

வளரிளம் பருவத்துக்கு வருகிறேன். ஆறு வயதுக் குழந்தை பேருந்தில் கையை உதறிக்கொண்டு குதித்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். யாராவது மடியில் இடம் கொடுப்பார்கள். மீசை அரும்பிய பதினாறு வயதுப் பையன் அதையே செய்தால் பக்கத்து இருக்கை காலியாகிறது. அவன் மாறவில்லை. மகிழ்ச்சி வந்தால் இன்றும் அதே கை, அதே குதிப்பு. பார்க்கிறவர் கண்ணில் பரிதாபம் போய்ப் பயம் வந்துவிடுகிறது. எங்கள் வீடுகளில் பெற்றோர் பிள்ளையை வெளியே அழைத்துப் போவதை நிறுத்தும் வயது இதுதான். வெளியே பழகியிருக்கவேண்டிய வயதில் அவர்கள் வீட்டுக்குள் போகிறார்கள்.

உடலும் அந்த வயதில்தான் மாறுகிறது. குரல் உடைந்தபோது அது தன் குரல்தானா என்று அவன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். முகச்சவரத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவன் அப்பா. டிரிம்மரின் அதிர்வை உள்ளங்கையில், பிறகு முழங்கையில், தோளில், கடைசியாகக் கன்னத்தில் என்று பழக்கினார். எந்தக் காரியத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யவேண்டும், யாரைத் தொடலாம், தன்னை யார் தொட்டால் ‘வேண்டாம்’ பொத்தானை அழுத்தவேண்டும் என்பதையெல்லாம் படம் போட்டு, வெட்கப்படாமல் சொல்லிக்கொடுத்தோம். ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைதான் பாதுகாப்பாக இருக்கும். பெரியவர்கள் சொன்னதையெல்லாம் செய்யும் பிள்ளையை நல்ல பிள்ளை என்று வளர்ப்பது இவர்கள் விஷயத்தில் ஆபத்து. அவன் முதன்முதலாக என்னிடமே ‘வேண்டாம்’ என்று அழுத்திய நாளில் நாங்கள் இனிப்பு வாங்கினோம்.

பெண்பிள்ளைகளின் வீடுகளில் இதைவிடக் கனமான பேச்சு நடக்கிறது. மாதவிலக்கைச் சமாளிக்கக் கருப்பையை எடுத்துவிடலாமா என்று காதோடு ஆலோசனை சொல்கிறார்கள். 1994-இல் புனேயில் அரசுக் காப்பகத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு அப்படி அறுவைச் சிகிச்சை செய்தது நாடு முழுக்கக் கண்டனத்துக்கு உள்ளானது. மாற்றுத்திறனாளியின் சுயமான சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. நாப்கின் மாற்றுவதைப் படிப்படியாகக் கற்றுக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். அந்த அம்மாக்களின் முகத்தில் பார்த்த பெருமிதம் எந்தப் பட்டமளிப்பு விழாவுக்கும் குறைந்ததல்ல.

பதின்பருவத்தில் ஏமாற்றுக்காரர்களும் அதிகம் வருவார்கள். சின்ன வயதில் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கான சிகிச்சையாக அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இலேயே சொல்லிவிட்டது. நகையை விற்று அந்த ஊசிக்குப் போகும் பெற்றோரைக் கையைப் பிடித்துத் தடுக்கவேண்டும் என்றிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல சிறப்பாசிரியருக்குப் பல வருடம் சம்பளம் கொடுக்கலாம்.

கானரின் பதினொரு குழந்தைகளில் முதலாவதாக இடம்பெற்ற டொனால்ட் டிரிப்லெட்டின் கதையை நான் மற்ற பெற்றோர்களுக்கு அடிக்கடி சொல்வேன். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். சிறுவயதில் சில வருடங்கள் அவரை ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். எதைக் கண்டாலும் அளந்துகொண்டே இருப்பான் பையன். அந்த மனிதர் திட்டவில்லை. ஒரு கிணறு வெட்டச் சொல்லி, அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். சோளக்கொல்லையில் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கொடுத்தார். கானர் 1971-இல் அந்தப் பதினொரு பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து எழுதியபோது இதையெல்லாம் பதிவுசெய்தார். காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்திருந்தார்கள். டொனால்ட் ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடுகள் சுற்றினார். 2023-இல், 89 வயதில் இறந்தார். வீட்டில் பணம் இருந்தது, அது உதவியது. ஊரும் அவரைத் தன் ஆளாக வைத்துக்கொண்டது. பத்து முறை கேட்ட கேள்வியையே கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருந்தது. அந்த விவசாயியைப் போன்ற ஓர் ஆசிரியர் ஊருக்கு ஒருவர் கிடைத்தால் போதும் என்பேன்.

சாதனையாளர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மும்பையில் வளர்ந்த ஜியா ராய், கடற்படை வீரரின் மகள், ஆட்டிசம் உள்ளவர். 2022 மார்ச்சில், பதின்மூன்று வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைவரை 29 கிலோமீட்டர் பாக் நீரிணையை 13 மணி 10 நிமிடங்களில் நீந்திக் கடந்தார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாளே அக்கம்பக்கத்தில், “உங்க பையனுக்கு என்ன ஸ்பெஷல் டேலண்ட்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆட்டிசம் இருந்தால் ஒரு மூலையில் மேதைமை ஒளிந்திருக்கவேண்டும் என்று சினிமா கற்பித்திருக்கிறது. என் மகனுக்குத் தேதி சொன்னால் கிழமை சொல்லத் தெரியாது. கர்நாடக சங்கீதம் தெரியாது. துவைத்த துணியை ஓரம் பிசகாமல் மடிப்பான், ரேஷன் வாங்குவான், தங்கைக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே தண்ணீர் சொம்பைக் கொண்டுவந்து வைப்பான். பெற்றோர் பெருமைப்பட இது போதாது என்று யாரும் எங்களிடம் சொல்லவேண்டாம். ஜியாவின் உழைப்புக்கும் இவன் உழைப்புக்கும் நடுவே நான் கோடு கிழிக்க மாட்டேன்.

உழைக்கிறான் என்று ஒப்புக்கொண்டால் அவனுக்குச் சேரவேண்டியது என்ன என்ற கேள்வி வந்துவிடும். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் கிடையாது. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக முழு உரிமை வந்தது. குறிப்பிட்ட அளவு குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி என்று அது சொல்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நிற்க, இவர்களுக்கு நான்கு வருடம் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார்கள். நடைமுறையில் எங்களுக்குக் கதவு அடைபட்டது எட்டாம் வகுப்பில்தான். “மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டேங்கறாங்க” என்று தனியார் பள்ளி ஒன்றில் மாற்றுச் சான்றிதழை நீட்டினார்கள். இப்போது தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புப் பாடங்களை ஒன்றொன்றாக எழுதுகிறான். ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம் அவகாசம் தருகிறார்கள். அவன் வேகத்துக்கு அது ஒத்துவருகிறது. ஓவியமும் மனையியலும் முடித்துவிட்டான்.

ஆரம்பகாலப் பயிற்சி மையங்கள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. இரண்டு வயதில் கண்டுபிடியுங்கள், மூன்று வயதில் பயிற்சி தொடங்குங்கள் என்ற பேச்சு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, மகிழ்ச்சி. பதினான்கு வயதுக்கு மேல்? சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மணப்பாறையிலோ முசிறியிலோ உள்ள ஒரு குடும்பம் தினமும் முட்டுக்காட்டுக்குப் போகமுடியுமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்கென்று தனிக் கட்டமே இல்லை. ‘வேறு’ என்ற கட்டத்தில் எங்கள் பிள்ளைகளைப் போட்டார்கள். எண்ணாத பிள்ளைக்கு எந்த ஒன்றியத்தில் எத்தனை பயிற்றுநர் வேண்டும் என்று யார் கணக்குப் போடுவார்? அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் இருக்கிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பன்முகக் குறைபாடு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்கும் வாசல் போட்டித் தேர்வு. துணி மடிப்பதிலும் பொருளை எண்ணி அடுக்குவதிலும் பிசகாத கையை அளக்க அந்தத் தேர்வில் கேள்வி கிடையாது. அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவு, நூலகத்தின் புத்தக அடுக்கு, பாடநூல் கிடங்கு ஆகிய இடங்களில் செய்துகாட்டும் தேர்வு வைத்து எடுக்கலாம். அப்படி எடுக்கும் முதல் துறைக்கு எங்கள் ஊர்ப் பெற்றோர் அத்தனை பேரும் மாலை போடுவோம்.

இன்னும் இரண்டு வருடத்தில் அவனுக்குப் பதினெட்டு. பெரியவனாகிவிட்டால் அவன் சார்பில் வங்கியில் கையெழுத்துப் போடக்கூட நான் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளராக விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பிப்பேன். அந்தக் குழு என்னிடம் கேட்பதுபோல் அவனிடமும் கேட்கவேண்டும். அவன் பதில் சொல்ல டேப்லெட்டும் கொஞ்சம் நேரமும் தரவேண்டும். “உங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா?” என்று கேட்காத உறவினர் இல்லை. தங்கை பார்த்துக்கொள்வாள் என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் வாழ்க்கையை இப்போதே எழுதிவைக்க எனக்கு உரிமை இல்லை. தேசிய அறக்கட்டளையின் திட்டங்களில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குழு இல்லமும் ஒன்று. அப்படி ஒன்று எங்கள் மாவட்டத்துக்குள், பேருந்து போகும் தூரத்தில், பகலில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் வீடாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் சேர்ந்திருக்கிறோம். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு தொழிற்பயிற்சிக் கூடம், சத்தம் குறைந்த ஓர் அறை, இரண்டு சிறப்பாசிரியர்கள், பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகை. மனுவில் இவ்வளவுதான். வரும் மாதம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கிறோம். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் வேலை சுலபம் என்று ஒருவர் சொன்னார். கூட்டம், வரிசை, காத்திருப்பு எல்லாம் இருக்கும்தான். அழைத்துக்கொண்டுதான் போகப்போகிறோம். கேட்பது அவர்களுக்கான இடம். அவர்கள் முன்னாலேயே கேட்போம்.